இரண்டு சீட்டு

டர்பன், ஆல்பர்ட் பார்க்.
கீழே என் கடை. பின்னலுக்கு வைக்கும் முடி விற்கிறேன்:
கறுப்பு, செம்பழுப்பு, டிசம்பர் வந்தால் நீலம்.
நாலாம் மாடியில் ஓர் அறை,
மூன்று திரைச்சீலை, நான்கு வீடு.

ஃபுராஹா, புக்காவுக்காரி.
ரூவிம்போ, மஸ்விங்கோ. நடைபாதையில் முடி பின்னுகிறாள்.
சிக்கோண்டிக்கு மலாவி ஏரிப் பக்கம் மங்கோச்சி.
நதேஜ் புஜும்புராவில் கணக்கு டீச்சர்,
இங்கே கார் நிறுத்தத்தில் வேர்க்கடலை.
ஒருத்தி பாஷை ஒருத்திக்குத் தெரியாது.
குழம்புக்கு எவ்வளவு எண்ணெய் என்கிற சண்டை
அரைகுறை இங்கிலீஷில்
ஒரு வருஷம் ஓடியது.

சனிக்கிழமை ராத்திரி பணம் எண்ணுவார்கள்,
ஆளுக்கு இருநூறு ராண்ட்.
ஃபுராஹா அதை லிக்கெலெம்பா என்பாள்,
ரூவிம்போ முக்கண்டோ,
தெருவில் மற்றவர்களுக்கு ஸ்டாக்வெல்.
சீட்டு, என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.
என் அம்மா ஏலச்சீட்டில் வளையலைத் தொலைத்தவள்.
எனக்கு அந்தச் சொல்லே ஆகாது.

இன்னொரு சீட்டும் அவர்களிடம் உண்டு.
ஆறு மாதத்துக்கொரு முத்திரை கேட்கும் தாள்,
மடித்து மடித்து, மடிப்பில் பெயர் தேய்ந்த தாள்.
அதற்கு விடிகாலை மூன்று மணிக்கு வரிசை.
ஒருத்தி போனால் நாலு பேருக்கும் இடம் பிடிப்பாள்:
ஒரு செங்கல், ஒரு செருப்பு, ஒரு காலி எண்ணெய் டப்பா.
"டப்பாதான் நான்" என்பாள் நதேஜ்.
செருப்பை யாரோ தூக்கிப்போன அன்று
சிக்கோண்டி ஒற்றைச் செருப்போடு திரும்பினாள்.
மற்ற மூவரும் ஆளுக்கொன்றைக் கழற்றிக் கையில் பிடித்து
நொண்டி நொண்டிப் படியேறினார்கள்,
எனக்கு எரிச்சல் வருமளவு சிரித்துக்கொண்டு.

சொல்ல வேண்டியதை இனித் தள்ளிப்போட முடியாது.

அந்த வியாழக்கிழமை
தடிகளோடு ஒரு கூட்டம் பாடிக்கொண்டு வந்தது,
வெளியூர்க்காரர்கள் வெளியே என்று.
ரூவிம்போ நடைபாதையில்
ஒரு தலையின் பாதிப் பின்னலில் இருந்தாள்.
என் கடையைப் பார்த்தாள்.
அவள் பார்ப்பதை நான் பார்த்தேன்.
ஷட்டரை இறக்கினேன்.

உள்ளே இருட்டு. கொக்கியில் தொங்கும் முடிகள்
முகத்தில் உரசின.
என் பாஸ்போர்ட்டில் இருப்பதும் வேறு ஊர்ச் சிங்கம்தான்.

மேலே ஒளிந்திருக்க வேண்டிய மூன்று பேர்
இறங்கி வரும் சத்தம் கேட்டது.
பாதிப் பின்னல்காரி நோமாகுகு, குவாமாஷுவில் பிறந்தவள்,
ஜூலுவில் என்னமோ கத்தினாள்.
ஷட்டருக்கு அடியில் விரற்கடை இடைவெளி.
அதில் தெரிந்தது பாதங்கள் மட்டும்:
பத்துப் பாதம், சுவரோடு, நெருக்கமாக,
கூட்டம் கடக்கும்வரை நகரவில்லை.

திங்கட்கிழமை ரூவிம்போ கடைக்கு வந்தாள்.
இரண்டு கட்டு கறுப்பு, ஒரு கட்டு செம்பழுப்பு.
சில்லறையை இரண்டு தடவை எண்ணினாள்.
ஏதாவது திட்டியிருக்கலாம்.

மூன்று மாதம் கழித்து நான் மேலே போனேன்,
கையில் இருநூறு ராண்ட்.
லிஃப்ட் எப்போதும்போல் செத்துக் கிடந்தது.
என் நியாயங்களை அடுக்கிக்கொண்டே ஏறினேன்.
மூன்றாம் மாடி தாண்டியபோது ஒன்றும் மிஞ்சவில்லை.

நோமாகுகு அங்கே ஐந்தாவது ஆளாய் உட்கார்ந்திருந்தாள்.
யாரும் பேசவில்லை. அடுப்பில் ஏதோ கொதித்தது.
ஃபுராஹா நோட்டைத் திறந்தாள்.
முத்திரை இல்லாத நோட்டு, காலாவதித் தேதியும் இல்லை.
கடைசிப் பெயருக்குக் கீழே ஒரு கோடு,
கோட்டுக்கும் கீழே நான்.
"உன் முறை கடைசி. அதுவரை
ஒவ்வொரு சனிக்கிழமையும் நீதான் ஏறி வரணும்."

இந்த மாதம் பணம் நதேஜுக்கு. எட்டு மாத வயிறு.
முறைப்படி அது சிக்கோண்டியுடையது,
மங்கோச்சியில் ஒரு கூரைக்குத் தகரம்.
"தகரம் காத்திருக்கும்" என்றாள்.
கொஞ்சம் கழித்து, "மழை காத்திருக்காது" என்று அழுதாள்.
இரண்டும் உண்மை. யாரும் தேற்றவில்லை.
ரூவிம்போ அவள் தலையை மடிக்கு இழுத்து
வகிடெடுத்துப் பின்னத் தொடங்கினாள்.

பிறகு, என்னைப் பார்க்காமலே,
என் பக்கம் கையை நீட்டினாள்.
கட்டைப் பிரித்து ஓர் இழை கொடுத்தேன்.
கை திரும்பவும் நீண்டது.